ஜெபம் தவிர வேறு பேச்சு கூடாது

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தை வருஷத்துக்கு ஒருமுறை ஆவியானவர் எங்காவது அழைத்துப் போவார். இதுவரை குற்றாலம், கொடைக்கானல், ஏற்காடு என்று குளிர்ந்த இடமாகப் பார்த்தேதான் அழைத்திருக்கிறார். இந்த வருஷம் திருவனந்தபுரம் என்று தலைவி ஹெப்சி டீச்சர் அறிவித்ததும் கூட்டத்தில் ஒரே முணுமுணுப்பு. நாங்கள் பாளையங்கோட்டைக்குத் தெற்கே உள்ளவர்கள். எங்களுக்குத் திருவனந்தபுரம் என்றால் பெரிய ஆஸ்பத்திரி. உள்ளூர் டாக்டர் கையை விரித்தால் போகிற ஊர். அங்கே போய் யாராவது தியானம் செய்வார்களா?

"அங்க அமைதி இருக்கு. உங்களுக்கெல்லாம் அதுதான் தேவை" என்றார் டீச்சர், என்னைப் பார்த்துக்கொண்டு. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஓய்வு பெற்றது பள்ளிக்கூடம்தான் என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள். முகாம் முடிந்ததும் அதன் ஆவிக்குரிய பயன் பற்றிச் சபைப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று எனக்கு அங்கேயே உத்தரவு போட்டார். அது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அதனால்தான் இது.

பெயர் கொடுத்தவர்களில் முதல் ஆள் எஸ்தர் மதினி. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மதினி என் அண்ணன் மனைவி. அண்ணனுக்கு மஸ்கட்டில் வேலை. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். மதினி இந்த மாதிரி முகாமுக்கெல்லாம் வருகிறவள் இல்லை, அதிகம் பேசுகிறவளும் இல்லை. அவள் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவேன். போன மாதம் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் பாத்திரம் வாங்கி வருகிறேன் என்று தனியாகக் கிளம்பிப் போனாள். ராத்திரி வெறுங்கையோடு வந்தாள். சாலைக்குப் போய் ஒரு கரண்டிகூட வாங்காமல் திரும்பிய ஒரே பெண்பிள்ளை எங்கள் மதினிதான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தேன். கேட்டவர்களும் சிரித்தார்கள். மதினியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

இங்கே எங்கள் சபையின் ஜெபக் குறிப்பு பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யாருக்காக என்ன ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்வோம். பிறர் விஷயம் என்றால் பெயர் சொல்லக் கூடாது, அது அன்பின் சட்டம். ஆகவே, "ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம், பேர் சொல்ல விரும்பல. ரயில்வே கேட் பக்கம், பச்சை வீடு, மூத்த மருமகள்" என்று ஆரம்பிப்போம். மறுநாள் காலையில் அந்தப் பச்சை வீட்டுக்கு ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் போகும். பின்னாலேயே, இதே வியாதியில் செத்துப்போனவர்களின் கதைகளும் போகும். இந்தக் கலையில் எனக்கு ஓரளவு நல்ல பெயர் உண்டு.

தியான இல்லம் கரமனையில் ஆற்றுப்பக்கம் உள்ளே தள்ளி இருந்தது. மாமரம், சிவப்பு ஓடு, கண்ணாடி மாதிரி துடைத்த தரை. எங்கள் ஊரில் இப்படி ஒரு கட்டடம் இருந்தால் கல்யாண மண்டபம் ஆக்கியிருப்போம். வாசலிலேயே மலையாளத்தில் ஒரு பலகை, கீழே தமிழில் அதன் பொருள்: மணி அடித்த பின் ஜெபம் தவிர வேறு பேச்சு கூடாது. மறுநாள் முழுவதும், அதற்கு அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் மௌனம். அமைதி இருக்கிறது என்று டீச்சர் சொன்னது இதைத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. சிலருக்கு முகம் செத்துப்போயிற்று.

சமையலைக் கவனிக்கும் அம்மாளை எல்லோரும் சேச்சி, அதாவது அக்கா, என்றார்கள். சாப்பாட்டு மேஜையில் வெந்நீர் ரோஸ் நிறத்தில் இருந்தது. ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்க வைப்பார்களாம். எங்கள் ஆட்கள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, டீச்சர் குடித்து ஒன்றும் ஆகாததைக் கண்ட பிறகே குடித்தார்கள். சோறு குண்டு அரிசி. நாலு பருக்கை ஒரு வாய்க்கு ஆகிறது. ஆனால் அந்த மீன் குழம்பைப் பற்றி நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குடம்புளி போட்டு, மேலே தேங்காய் எண்ணெய் மிதக்க. மீனுக்குத் தேங்காய் எண்ணெயா என்று முகம் சுளித்தவர்கள் மூன்றாம் முறை சோறு வாங்கும்போது மணி அடித்துவிட்டது. எல்லோர் வாயும் மூடியது, மெல்லுவதற்கு மட்டும் திறந்தது.

மறுநாள் விடியும்வரை தாக்குப்பிடித்தோம். காலை ஜெபத்தில்தான் அது நடந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு சகோதரி கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஆரம்பித்தாள். "எல்லாம் அறிந்த பிதாவே! வலது பக்கக் குளியலறையில் வாளி இல்லை. இடது பக்கத்தில் இரண்டு வாளி சும்மா கிடக்கிறது. சமமாய்ப் பகிர்கிறவர் நீர். ஆமென்." இடது பக்கத்து ஆட்கள் எல்லோரும் "ஆமென்" என்றார்கள். வெளியே வந்து பார்த்தால் வலது பக்கத்தில் ஒரு வாளி நின்றது.

அப்புறம் அணை உடைந்துவிட்டது. வராந்தாவில் ஒருத்தி: "கர்த்தாவே, என் பச்சை ரப்பர் செருப்பைத் தெரியாமல் போட்டுப் போன சகோதரியின் கண்களைத் திறந்தருளும், அவளுடையது ஊதா." சாப்பாட்டு அறையில் இன்னொருத்தி: "இந்தக் கடலைக் குழம்பு செய்த கைகளை ஆசீர்வதியும், உப்பு விஷயத்தில் அந்தக் கைகளைத் தாராளமாக்கும்." நான் மட்டும் சளைத்தவளா? என் பக்கத்து மேஜைக்காரி கொண்டுவந்த முறுக்குக்காக நானும் விசுவாசத்தோடு மன்றாடினேன். கேட்டது கிடைத்தது.

டீச்சர் பாடுதான் பாவம். பேச்சு என்றால் அதட்டலாம், ஜெபத்தை எப்படி அதட்டுவது? கடைசியில் அவரும் இறங்கிவிட்டார். "ஆண்டவரே, பின்வரிசையில் சிரிக்கிற சகோதரிகளை மன்னியும். ஏற்கெனவே இரண்டு தடவை மன்னித்தாயிற்று என்பதையும் நினைத்தருளும்" என்று ஜெபித்தார். சேச்சிக்குத் தமிழ் பாதிதான் புரியும். கைகூப்பியபடி கதவோரம் நின்றவர் பிறகு போனில் யாரிடமோ மலையாளத்தில் சொன்னது என் காதில் விழுந்தது (மலையாளம் கேட்டால் புரியும், பேசத்தான் வராது): "இந்தத் தமிழ்க்காரர்களைப் போல ஜெபிக்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை. புட்டு தின்னும்போதுகூட நிறுத்துவதில்லை."

இத்தனைக்கும் நடுவே வாயைத் திறக்காத ஒரே ஆள் எஸ்தர் மதினி. செருப்புக்கும் ஜெபிக்கவில்லை, வாளிக்கும் ஜெபிக்கவில்லை. மாமரத்தடியில் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "மௌனத்தின் ஆழத்துக்குள் போய்விட்ட எங்கள் எஸ்தரைப் போல மற்றவர்களையும் ஆக்கும்" என்று டீச்சர் எல்லோருக்கும் கேட்கும்படி ஜெபித்தார். எங்கள் வீட்டுக்கு ஒரு பரிசுத்தவாட்டி கிடைத்துவிட்டாள் என்று எனக்குக்கூடப் பெருமை. கொஞ்சம் எரிச்சலும்.

மத்தியானம் தனித்தியான நேரம். அதாவது எல்லோரும் தூங்குகிற நேரம். எனக்கும் மதினிக்கும் ஒரே அறை. நான் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தேன். மதினி தன் கட்டிலருகே முழங்கால் போட்டாள், எனக்கு முதுகைக் காட்டி. பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, நாளைக்குக் காலையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். போன மாசம் மாருல இருந்த கட்டியில ஊசி குத்தி எடுத்தாங்கல்லா, அந்த ரிசல்ட்டு. அவுகளுக்குச் சொல்லல. சொன்னா வேலையப் போட்டுட்டு ஓடி வருவாக. ஊர்ல சொன்னா, ரிசல்ட்டு வாறதுக்கு முன்னாலயே எனக்கு அடக்கப் பாட்டுப் படிச்சு எடுத்துருவாக. தனியாப் போயிரலாம்னுதான் இந்தக் கூட்டத்தோட வந்தேன். இப்பம் கால் வரமாட்டேங்கு. பயமா இருக்கு."

அவ்வளவுதான். ஆமென் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "பக்கத்துக் கட்டில்ல கிடக்கவ தூங்கல. அது எனக்குத் தெரியும்" என்றாள்.

அந்தக் கரண்டி ஞாபகம் வந்தது. சாலைக்குப் போகவே இல்லை இவள். ஊசி குத்தின மார்போடு ஆஸ்பத்திரி பெஞ்சில் தனியாக உட்கார்ந்துவிட்டு, பஸ் ஏறி வந்து, நான் சொன்ன வேடிக்கைக்கு எங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறாள். எழுந்து போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் எனக்கு முதுகைக் காட்டி ஆண்டவரிடம் அல்லவா சொன்னாள்? என்னிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், நான் உடனே அழுது, கத்தி, பக்கத்து அறையைக் கூப்பிட்டிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

நான் படுத்தபடியே மின்விசிறியைப் பார்த்துச் சொன்னேன். "ஆண்டவரே, மதினிகிட்ட சொல்லும். நானும் வாறேன். யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னும் சொல்லும். அவங்க நம்ப மாட்டாங்க. நீரே பாத்து நம்ப வையும்."

மதினியின் முதுகு குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "ஆமென்" என்றாள். நானும் சொன்னேன்.

வெளியே போக டீச்சரிடம் உத்தரவு வாங்க வேண்டுமே? கேட்டால் ஏன் என்பார். மறுநாள் காலை ஜெபத்தில் நானே எழுந்து நின்றேன். உலகம் உண்டானதிலிருந்து ஆரம்பித்தேன். மலைகளுக்காக, ஆறுகளுக்காக, சேச்சியின் புட்டுக்காக ஸ்தோத்திரம் சொல்லி, எல்லோரும் பாதித் தூக்கத்துக்குப் போன நேரம் பார்த்து, "உமது அடியாள்களாகிய எஸ்தரும் ரூபியும் மத்தியானம் வரை வெளியே போய்வர வாசலைத் திறந்தருளும்" என்று முடித்தேன். ஜெபம் முடிந்தால் ஆமென் சொல்வது எங்களுக்குத் தும்மல் மாதிரி, நிறுத்த முடியாது. எல்லோரையும் விடச் சத்தமாக "ஆமென்!" என்றது டீச்சர்தான். சொன்ன பிறகு கண்ணைத் திறந்தார். சொன்ன ஆமெனைத் திரும்ப வாங்க எங்கள் சபையில் வழி கிடையாது. அவர் தலைமையாசிரியைப் பார்வை பார்ப்பதற்குள் நாங்கள் கேட்டைத் தாண்டிவிட்டோம்.

வெளியே வந்தும் மதினி விரதத்தை விடவில்லை. நானும் விடவில்லை. பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவோம் என்று இரண்டு பேருக்குமே பயம். அதனால் பஸ் நிறுத்தத்திலும் ஆண்டவர் மூலமாகத்தான் பேச்சுவார்த்தை. "ஆண்டவரே, இந்த பஸ்தானான்னு அவ கேக்கட்டும்." "ஆண்டவரே, மலையாளத்துல கேக்க எனக்குத் தெரியாதுன்னு சொல்லும்." முன்னால் வந்து நின்றதில் ஏறிவிட்டோம். கண்டக்டர் ஒரு பெண். எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், முன்சீட்டு அம்மாளிடம் மலையாளத்தில் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் சண்டை போல. ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் கூரையைப் பார்த்தே பேசுகிறார்கள்."

நான் ஆஸ்பத்திரி என்று டிக்கெட் கேட்டதும் அவர் நெஞ்சில் கைவைத்துவிட்டார். "ஐயோ சேச்சி, ஆசுபத்ரி அந்தப் பக்கமாணு! இது பாப்பனங்கோடு போற பஸ்." ஊரின் மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்தோம். விசில் அடித்து நிறுத்தி, தானே கீழே இறங்கி, ரோட்டைக் கடக்கவைத்து, எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, அந்தக் கண்டக்டரிடம் எங்களை ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். எங்கள் ஊர் பஸ்ஸில் தப்பாக ஏறினால் முதலில் நம் கண்பார்வையைப் பற்றி விசாரிப்பார்கள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் பாதிக்குப் பாதி தமிழ். நாகர்கோவில், தென்காசி, தூத்துக்குடி. தூக்குவாளியும் பாயுமாக ஒரு சின்னத் தமிழ்நாடே உட்கார்ந்திருந்தது. எனக்கு அடுத்து இருந்த அம்மாள் திரும்பி, "எந்த ஊரு நீங்க?" என்றாள். சாதாரணமாக இந்தக் கேள்விக்கு நான் ஒரு மணி நேரம் பதில் சொல்வேன். கடைசியில் அவளுடைய சித்தி மகள் எங்கள் தெருவில்தான் இருப்பாள். மதினி என் சேலை நுனியைப் பிடித்தாள். "தூரம்மா" என்று மட்டும் சொன்னேன். என் வாயிலிருந்து வந்த மிகச் சிறிய பதில் அதுவாகத்தான் இருக்கும்.

மதினியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "நீயும் உள்ள வாட்டி" என்றாள். மணி அடித்த பின் அவள் நேராக என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

டாக்டர் சின்னப் பெண். எங்களுக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசினார். "அம்மே, மறைக்காம சொல்லறேன். அது கேன்சர்தான். பக்ஷே ரொம்பச் சின்னது, சீக்கிரம் வந்துட்டீங்க. ஆபரேஷன் செய்யணும். அது கழிஞ்சு மருந்து வேணுமான்னு நோக்கலாம். பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம், சரியாகும்." மதினி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், நிறுத்தவில்லை. "கூட நிக்க ஆளுண்டோ?" என்று டாக்டர் கேட்டார். மதினி என்னைப் பார்த்தாள். "உண்டு" என்றேன். அந்தப் பயணத்தில் நான் பேசிய ஒரே மலையாளம் அதுதான்.

இதையெல்லாம் மதினியைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றியதில் உதிர்ந்த முடி திரும்ப முளைத்து, ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவளே எழுந்து நின்று, "பேர் சொல்லியே சொல்லுதேன், நான்தான்" என்று எல்லாவற்றையும் சொன்ன பிறகு. "எழுது, ஆனா நீட்டாத" என்றாள்.

வெளியே வந்ததும் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றோம். அழுதோம். இரண்டு பேரும் மூக்கைச் சிந்தி முடித்ததும் மதினி, "சாலைக்குப் போவமா?" என்றாள்.

"இப்பமா மதினி?"

"ஆமா. இந்தத் தடவையும் வெறுங்கையோட போனா நீ ஊர்ல சொல்லிச் சிரிப்பியே."

எனக்கு மறுபடி அழுகை வந்தது. அவள் சிரித்தாள். சாலைக் கடைத்தெருவில் அன்று நல்ல கூட்டம். மல்லியும் வெங்காயமும் புது எவர்சில்வரும் கலந்து ஒரு வாசனை. பாத்திரக் கடைக்காரர் தமிழர். மூன்று தலைமுறையாக இங்கே என்றார். "எந்தா வேணும்க்கா? கரண்டியோ? குழம்புக்கா, சோத்துக்கா? நல்ல கனமுள்ளதுண்டு, பேரன் காலம்வரை இருக்கும், கேட்டோ" என்று அடுக்கினார். மதினி ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் எடை பார்த்தாள். எனக்குப் பொறுமை போயிற்று. கடைசியில் ஒரு பெரிய குழம்புக் கரண்டி எடுத்தாள். பேரன் காலம்வரை என்று அந்த ஆள் சொன்னதற்காகத்தான் எடுத்தாள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் திரும்பும்போது மௌனம் கலைந்து, சாட்சி சொல்லும் நேரம் நடந்துகொண்டிருந்தது. அடைபட்ட பேச்செல்லாம் வெடித்து மாமரத்துக் காக்கைகள் பறந்து போயிருந்தன. ஒருத்திக்கு வெளிச்சம் தெரிந்ததாம், ஒருத்திக்கு நறுமணம் வந்ததாம். சமையலறையில் பப்படம் பொரித்திருப்பார்கள். டீச்சர் எங்களைப் பார்த்ததும் எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. ஆமென் சொன்னவர் அல்லவா?

"எஸ்தர், விரதத்தை ஒழுங்காக் காத்தவ நீ ஒருத்திதான். மௌனத்துல ஆண்டவர் உன்கூடப் பேசினாரா?" என்றார்.

மதினி எழுந்தாள். கையில் கடைப் பை.

"பேசினார் டீச்சர்."

"என்ன சொன்னார்?"

"பெருசா ஒண்ணும் சொல்லல. 'நானும் வாறேன்'னார்."

கூடம் முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மெய்யாகவே துடைத்தார். அடுத்த வருஷ முகாமுக்கு அதையே பேனரில் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்றார். சேச்சிகூட வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். இவ்வளவு சுத்தமான தரையில் பார்க்கவும் ஒன்றும் இல்லை.

"ரூபி, நீ சொல்லு. உனக்கு என்ன கிடைச்சது?"

எல்லோரும் நாற்காலியில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தார்கள். நான் எழுந்தேன். பாப்பனங்கோடு பஸ், கூரையைப் பார்த்துப் பேசினது, தூக்குவாளிக் கூடம், சின்ன டாக்டர். என் ஆயுசுக்கும் இப்படி ஒரு கதை கிடைத்ததில்லை, எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. மதினி என்னைப் பார்க்கவில்லை. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கரண்டி வாங்கினோம் டீச்சர்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.